ஒரே மாடி, மூன்று ஒழுகல்: கூடல்புதூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை கூடல்புதூரில் உள்ள வீடு. தரைத்தளம் 1993-ல் கட்டியது, முதல் மாடி 2004-ல் ஏறியது. மொட்டை மாடி 28 அடிக்கு 36 அடி, ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாடி ஒழுகலைப் பார்த்துச் சரிசெய்ய அவர் என்னை அழைத்தது 2024 ஏப்ரல் கடைசியில், அழகர் வைகையில் இறங்கி மலைக்குத் திரும்பியிருந்த சமயம். ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கும்போது ஆள் தேடி அலைவதுதான் நம் ஊர் வழக்கம். இவர் சித்திரை வெயிலில் கூப்பிட்டார். அதிலேயே பாதி வேலை முடிந்த மாதிரி.

"மாடி ஒழுகுகிறது சார்" என்று ஒருமையில் சொன்னார். காட்டியது மூன்று இடங்களை. கூடத்தின் நடுவில் மின்விசிறிக்குப் பக்கத்தில் இரண்டடி அகலத்துக்குப் பழுப்புக் கறை. மேற்குப் படுக்கையறையில் கூரையும் சுவரும் சேரும் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு நீளவாக்கில் ஓதம். வண்ணம் உரிந்து உப்புப் பூத்திருந்தது. வடகிழக்கு மூலையில், குளியலறைக்கு மேல், பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. கம்பியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு விழுது இறங்கியிருந்தது. சிமென்டிலுள்ள சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து காற்றுப் பட்டதும் கல்லாக்கி விட்டுவிட்டுப் போகும். அது விரல் நீளம் வளர்ந்திருக்கிறது என்றால் அந்த வழியில் தண்ணீர் வெகு நாளாகப் போய்வருகிறது.

இதற்கு முன் செய்த வைத்தியம் மூன்று. முதலில் பழைய தட்டோட்டின் (மாடியில் பதிக்கும் தட்டையான சுட்ட ஓடு) மேலேயே ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமென்ட் பூச்சு. அதன் பிறகு இரண்டு தடவை வெள்ளை ரப்பர் பூச்சு. கடைசிப் பூச்சுக்குப் பல வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது மழைக்காலத்திலேயே அது கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பிவிட்டது. நான் போவதற்கு முன் வேறொருவர் வந்து பார்த்து, "பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு இன்னும் நல்ல சரக்காகப் பூசிவிடலாம்" என்று விலை சொல்லியிருந்தார். மாடியில் ஏறி அவர் ஒரு சுற்றுச் சுற்றியதோடு சரி.

எப்போது ஒழுகுகிறது?

எங்கே ஒழுகுகிறது என்று எல்லோரும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். எப்போது என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். இந்த வீட்டில் ஆசிரியரைவிட அவர் மனைவிதான் அதைத் துல்லியமாகச் சொன்னார். வாளி வைப்பதும் துடைப்பதும் அவர் வேலையாக இருந்திருக்கிறது.

கூடத்தில் மழை பெய்யும்போது ஒரு சொட்டும் விழாது. மறுநாள் தொடங்கும். மழை விட்டு வெயில் அடித்தாலும் மூன்று நாள், நான்கு நாள் சொட்டும். மேற்கு அறையில் எல்லா மழைக்கும் ஓதம் வராது. மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை என்றால் சுவர் உடனே நனையும், மழை நின்றதும் நின்றுவிடும். குளியலறை விஷயம்தான் வேடிக்கை. "மாசி பங்குனியில்கூடச் சொட்டுகிறது தம்பி, காலையில் குளிக்கப் போனால் தோளில் விழுகிறது" என்றார்.

மாசியில் மதுரையில் மழை ஏது? அந்தச் சொட்டு வானத்திலிருந்து வந்ததில்லை. காலையில் மட்டும் வருகிறது என்றதும் மோட்டாரைப் பற்றி விசாரித்தேன். தினமும் ஆறரைக்கு மோட்டார் போடுவார்கள். தொட்டி நிரம்பி, வழியும் குழாயிலிருந்து தண்ணீர் மாடியில் கொட்டும் சத்தம் கேட்டதும் நிறுத்துவார்கள். மதுரையில் பாதி வீடுகளுக்கு அதுதான் அடையாளம். அந்தத் தண்ணீர் கொட்டும் இடம் வடகிழக்கு மூலை. ஆக, அந்த மூலையில் வருடம் முழுவதும் தினமும் ஒரு சிறு மழை.

மூன்று இடங்களும் மூன்று வேளைகளில் நனைகின்றன என்றால் மூன்றுக்கும் வழி வேறு வேறு. ஒரே டப்பாவைத் திறந்து ஆயிரம் சதுர அடிக்கும் பூசினால் மூன்றும் அடங்கிவிடும் என்று நம்புவதற்கு இடமே இல்லை. இருந்தும் பத்து வருடங்களுக்கு மேலாக அந்த நம்பிக்கையில்தான் பணம் போயிருக்கிறது.

மேலே பார்த்தது

தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மாடி முழுவதும் மட்டம் எடுத்தோம். ஒழுங்கான மாடி, மழைநீர் இறங்கும் குழாய் வாயை நோக்கிக் குறைந்தது நூற்றுக்கு ஒன்று வாட்டம் (சரிவு) இறங்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். இங்கே குழாய் வாய்க்கு முன்னால் இருந்த தளம் மாடியின் நடுவைவிட அரை அங்குலம் உயரமாக இருந்தது. முதலில் கட்டியவர் வாட்டம் விட்டுத்தான் கட்டியிருந்தார். பின்னால் சிமென்ட் பூசியவர் 'மட்டமாக' இருக்க வேண்டும் என்று ரசமட்டம் வைத்து, அழகாக, சமமாகப் பூசிக் கொடுத்துவிட்டார். வேலை சுத்தம், ஆனால் வாட்டம் போய்விட்டது. குழாய் வாயும் பாதி மூடி இரண்டு அங்குல உயரத்துக்குக் குறுகிவிட்டது. அந்தப் பூச்சின் எடையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஓர் அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 5 டன். ஒழுகும் கூரைக்கு மேல் ஐந்து டன்னை ஏற்றி வைத்திருந்தார்கள்.

குழாய்க் கணக்கு இன்னும் மோசம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில் ஒரு நான்கு அங்குலக் குழாய் தோராயமாக 450 சதுர அடி மாடியின் தண்ணீரைத்தான் தாங்கும். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டுக்கும் கொஞ்சம் மேலேயே வேண்டும். இரண்டு இருந்தன. முன்பக்கம் போர்டிகோ கட்டியபோது ஒன்றை அடைத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்று மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது. 2003-ல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது ஊரே அவசரமாக அமைத்தது போன்றதோர் அமைப்பு இது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தத் தொட்டியை அதன் பின் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. மூடியைத் தூக்கினால் வாய்வரை சேறும் வேப்பிலையும். பெருமழையில் அது தண்ணீரை வாங்காது. குழாய் நிரம்பி, மாடியில் தண்ணீர் நிற்கும்.

அடுத்து உடைத்துப் பார்த்தோம். மாடி நடுவில் இரண்டடிச் சதுரம். மேலே ரப்பர் பூச்சு, கீழே சிமென்ட், அதன் கீழே ஒன்பது அங்குலச் சதுரத் தட்டோடு, அதற்கும் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த சுருக்கித் தளம், நான்கு அங்குலத்துக்கு. வாரக்கணக்கில் மழை இல்லை. வெளியே காலை ஒன்பது மணிக்கே செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத சூடு. ஆனால் உளியால் பெயர்த்த ஜல்லி கருஞ்சிவப்பாக, ஈரமாக வந்தது. கையில் அள்ளி இறுக்கியபோது விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கியது. மேஸ்திரி ஒரு துண்டை எடுத்து முகர்ந்துவிட்டு, "போன ஐப்பசித் தண்ணீர் சார், இன்னும் உள்ளேயே கிடக்கிறது" என்றார்.

கூடத்துக் கறையின் கதை அங்கே விளங்கிவிட்டது. தேங்கிய தண்ணீர் ஏதோ ஒரு வெடிப்பில் இறங்குகிறது. ஜல்லி அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மேலே ரப்பர் பூச்சு மூடியிருப்பதால் ஆவியாகிப் போக வழியில்லை. கான்கிரீட்டில் எங்கே மயிரிழை வெடிப்பு கிடைக்கிறதோ அதுவரை பக்கவாட்டில் நகர்ந்து, அங்கே சொட்டுகிறது. பகல் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி மேலே தள்ளியதில்தான் பூச்சு கொப்பளித்தது. சரக்கின் தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஈரத்தின் மேல் பூசினால் எந்தச் சரக்கும் கொப்பளிக்கும். போதாக்குறைக்கு, சாதாரண அக்ரிலிக் பூச்சு (ரப்பர் பூச்சு என்று சொல்வது இதைத்தான்) தேங்கிய தண்ணீருக்கு அடியில் நாள்கணக்கில் கிடந்தால் ஊறி மென்மையாகிவிடும். வழிந்தோடும் தண்ணீருக்கு ஏற்பட்ட சரக்கு அது.

மேற்குச் சுவருக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துச் சோதித்தோம். இதில் ஒரு முறை இருக்கிறது: கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் தளத்தை மட்டும் நனைத்துக் காத்திருந்தோம், அறையில் மாற்றமில்லை. பிறகு தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. கால் மணி நேரத்தில் உள்ளே கோடு கறுத்தது. எடுத்த எடுப்பில் சுவரின் தலையில் அடித்திருந்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது வழி என்று தெரியாமல் போயிருக்கும். கடைசியாகச் சுவரின் தலையையும் தனியாக நனைத்தோம். அங்கிருந்த வெடிப்புகளும் தண்ணீரை வாங்கின.

அந்த மூலையில் ஏன் வெடிக்கிறது என்பதற்கு வெயில்தான் பதில். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் நீளும். 11 மீட்டர் நீளத் தளம் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும், தினமும். மேலே நிற்கும் செங்கல் சுவர் அவ்வளவு நீளாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சிமென்ட் பூச்சுதான் அறுபடும். விறைப்பான கலவையை அங்கே எத்தனை தடவை பூசினாலும் அடுத்த கோடையில் அதே கோடு திரும்பும்.

செய்தது

மறுபடியும் மேலே பூசுவது என்ற பேச்சை முதலிலேயே தள்ளிவிட்டேன். அடியில் ஈரம் நிற்கும்வரை அது காசைக் கரியாக்குவது. வெடித்த இடங்களை மட்டும் உடைத்துச் சரிசெய்யலாமா என்று ஆசிரியர் கேட்டார். ஜல்லி முழுவதும் ஊறியிருந்ததால் அதுவும் ஆகாது. கான்கிரீட் வரைக்கும் எல்லாவற்றையும் இறக்குவது என்று முடிவானது. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடைத்து, மூட்டை கட்டி, இறக்கி, வண்டியில் அனுப்பியதற்கே போயிற்று. இயந்திரச் சுத்தி வேண்டாம், கை உளியே போதும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். இருபது வருடத் தளத்தை அதிர வைத்துப் புது வெடிப்புகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

ஆள் கிடைப்பதற்குத் திருவிழா முழுவதுமாக ஓய வேண்டியிருந்தது. அதற்குள் கத்திரி தொடங்கிவிட்டது. மே நடுவில் கோடை மழை வேறு குறுக்கிட்டது. திறந்து கிடந்த கான்கிரீட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்து, மறுபடி காயவிட்டுத் தொடர்ந்தோம்.

குளியலறைக் கூரையைக் கீழிருந்து சரிசெய்தோம். தட்டிப் பார்த்துப் பொள்ளலாக ஒலித்த கான்கிரீட்டையெல்லாம் உதிர்த்தெடுத்து, கம்பியைச் சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, துருவைக் கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தோம். துருப்பிடித்தால் இரும்பு சில மடங்கு பருக்கும். கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுவது அந்தப் பருமன்தான். ஒரு கம்பி பாதியாக இளைத்திருந்தது. நல்ல பகுதியில் இருபுறமும் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஏறும்படி எட்டு மில்லிமீட்டர்க் கம்பி ஒன்றைப் பக்கத்தில் கட்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் அடைத்தோம்.

மேல்தளத்தில் தெரிந்த வெடிப்புகளைக் கீறி அகலப்படுத்தி அடைத்த பிறகு, சுவர் ஓரங்களுக்கு வந்தோம். மூலையில் முக்கால் அங்குலத்துக்குக் கீறல் வெட்டி, இழுத்தால் நீளும் ரப்பர் வகை அடைப்புப் பசை. அதன்மேல் வளைவாகக் கலவை. அதற்கும் மேல் தளத்துக்குப் போடும் சிமென்ட்-பாலிமர் பூச்சு, நடுவில் இழைவலை வைத்து, சுவரில் ஓர் அடி உயரம் ஏறும்படி. கைப்பிடிச் சுவரின் தலையைக் கோழிவலை வைத்துப் புதிதாகப் பூசி, மாடிப்பக்கமாகச் சாய்வு கொடுத்தோம். வெளிப்பக்கம் சாய்த்தால் வீட்டின் முகமெல்லாம் கறைக் கோடு விழும்.

போர்டிகோவுக்காக அடைத்த குழாயை வேறு வழியாக இறக்கி, இன்னொன்றும் சேர்த்து மூன்றாக்கினோம். கணக்குக்கு இரண்டேகால்தான் வேண்டும். மூன்றில் ஒன்றைக் காக்கைக் கூட்டுக் குச்சியோ வேப்பிலையோ அடைத்தாலும் மற்றவை தாங்கட்டும் என்ற எண்ணம். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஒன்றரை அடிச் சதுரத்தில் தாழ்ந்த குழி. குழாயின் அடிமட்டம் கான்கிரீட்டோடு சமமாக இருக்கிறது. ஓட்டுக்கு மேல் ஓடும் தண்ணீர் மட்டுமல்லாமல், ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீரும் வெளியேற இதுதான் வழி. பெரும்பாலான மாடிகளில் குழாயை ஓட்டு மட்டத்தில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே இறங்கியது உள்ளேயே கிடக்கும்.

பூச்சு காய்ந்ததும், ஜல்லி போடும் முன்பே, தண்ணீர் கட்டிப் பார்த்தோம். குழாய் வாய்களை அடைத்து, வயலில் வரப்பு வைப்பது போல நடுநடுவே கலவைத் திண்டு வைத்து மாடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, இரண்டு அங்குலத் தண்ணீர் 48 மணி நேரம். பக்கத்தில் வாய் அகன்ற ஒரு பேசினிலும் அதே அளவு தண்ணீர் வைத்தோம். கத்திரி வெயிலில் தண்ணீர் குறையத்தான் செய்யும். பேசினில் குறைந்த அளவுதான் மாடியிலும் குறைந்தது என்றால் வெயில் குடித்திருக்கிறது. மாடியில் அதிகமாகக் குறைந்தால் வீடு குடிக்கிறது. தெற்குப் பாத்தி மட்டும் பேசினை முந்திக்கொண்டு இறங்கியது. வெளிச்சுவரில் குழாய் வெளிவரும் இடத்தைச் சுற்றி ஈரவளையம்.

பி.வி.சி. குழாயின் வழுவழுப்பில் சிமென்ட் ஒட்டாது. காய்ந்ததும் இம்மியளவு இடைவெளி விடும். மேஸ்திரி இதற்கு ஒரு கைவேலை வைத்திருந்தார். குழாயை உப்புத்தாளால் தேய்த்து, குழாய் ஒட்டும் பசையைச் சுற்றிலும் தடவி, பசை ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினார். காய்ந்ததும் குழாய் சொரசொரவென்று ஆகிவிட்டது. அதைச் சுற்றிச் சுருங்காத கலவை ஊற்றினால் கலவை கவ்விக்கொள்கிறது. மூன்று குழாய்களையும் அப்படியே செய்து, மறுபடி தண்ணீர் கட்டியபோது பேசினும் பாத்தியும் ஒன்றாக இறங்கின.

வாட்டத்துக்குச் சிமென்ட் கலவையா, பழையபடி செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பா என்று ஒரு விவாதம் நடந்தது. ஆசிரியருக்கு ஜல்லி என்றாலே பயம். "மறுபடியும் தண்ணீர் குடிக்காதா?" என்றார். குடிக்கும். இம்முறை அடியில் பூச்சும் இருக்கிறது, வெளியேற வழியும் இருக்கிறது. சூட்டைத் தாங்குவதிலும் வெடிக்காமல் இசைந்து கொடுப்பதிலும் சுண்ணாம்பு ஜல்லிக்குச் சிமென்ட் ஈடில்லை என்பது என் கட்சி. இதைச் செய்யத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். எங்கள் மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, சித்தாள்களை வரிசையாக உட்காரவைத்துக் கட்டையால் அடிக்க வைத்தார். கட்டை துள்ளும்வரை அடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அடித்து முடித்ததும் சாக்கு விரித்து நாள் முழுவதும் நனைத்தபடியே வைத்திருந்தார். சுண்ணாம்பை அவசரப்படுத்தினால் பொடியாகிவிடும்.

மேலே வெள்ளை ஓடு, இடைவெளி விட்டு, சுவர் ஓரம் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு அதில் இளகும் பசை. ஓட்டை நெருக்கிப் பதித்தால் கோடையில் கூடாரம் போலக் கிளம்பிவிடும்.

மேல்நிலைத் தொட்டிக்கு மிதவை சுவிட்ச் பொருத்தி, வழியும் குழாயை நேரே மழைநீர்க் குழாய்க்குள் விட்டோம். நூறு ரூபாய் வேலைக்கும் ஆயிரம் ரூபாய் வேலைக்கும் நடுவிலான இந்தச் செலவுதான் குளியலறை ஒழுகலின் மூலகாரணத்தைத் தீர்த்தது. அதுவரை பூசிய எந்தப் பூச்சும் அதைத் தொடவே இல்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்காததால் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று சில நாள்கள் ஆசிரியர் படியேறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மழை வந்தபோது

அக்டோபர் 25, 2024. பந்தல்குடிக் கால்வாய் நிரம்பிச் செல்லூர் வீதிகளில் வெள்ளம் புகுந்த நாள். மாலையில் ஆசிரியரே கூப்பிட்டார். மூன்று குழாயும் கொட்டுகின்றன, மாடியில் தண்ணீர் நிற்கவில்லை, கூடத்தில் சொட்டு இல்லை. நான் மூன்று நாள் கழித்துக் கேட்கிறேன் என்று சொல்லி வைத்தேன். கூடத்து ஒழுகலின் சுபாவமே மறுநாள் தொடங்குவதுதானே. மூன்று நாள் கழித்தும் இல்லை, கார்த்திகை மழையிலும் இல்லை.

மேற்கு அறையில் மட்டும் உப்பு இன்னும் பூக்கிறது. சுவருக்குள் வருடக்கணக்காக ஏறிய ஈரம் காயும்போது உப்பை வெளியே கொண்டுவந்து வைக்கிறது. அதை ஒழுகல் என்று நினைத்துச் சிலர் மறுபடி பூச்சுக்காரரைக் கூப்பிடுவார்கள். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே இறங்கும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், பட்டியும் வண்ணமும் ஒரு கோடை தாண்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆசிரியருக்குப் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஆசை. இன்னும் அதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.